மட்டன் றோல்ஸ் தரும் பேராசிரியர்

"தம்பி, இந்த வகுப்பில இதுவரைக்கும் ஐஞ்சு பேர்தான் சேர்ந்திருக்கினம். ஆக்கள் காணாட்டி நிப்பாட்டிப் போடுவினம்" என்றார் புனிதவதி அன்ரி, கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வெளிநாட்டில் ஈழத்தமிழர் நிறைந்த ஸ்காபரோ நகரில் ஒரு கல்லூரி. அதன் பதிவு அலுவலகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புனிதவதி அன்ரி, இந்தப் பக்கம் றமேஸ். அவனுடைய குடும்பம் இருக்கும் மாடிக்கட்டடத்திலேயே இரண்டு தட்டு கீழே குடியிருப்பவர் என்பதால் அவரோடு கொஞ்சம் உரிமையாகக் கதைக்கலாம்.

"அன்ரி, இந்த முறை கணக்கியல் பாஸ் பண்ணாட்டி என்னைக் கோர்ஸை விட்டே தூக்கிப் போடுவாங்கள்."

"தெரியும்."

"அப்ப இப்பவே என்ரை பேரைப் பதியுங்கோவன். ஆறு பேராகும்."

"பெயில் விட்ட பிள்ளையளுக்குக் கடைசிக் கிழமைதான் பதிவு. சட்டம் நான் போடேல்லை." அன்ரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ ஒண்டும் செய்யாமல் பேசாமல் இரு. அடுத்த கிழமை ஒரு மாற்றம் வரும். இப்ப நான் வாய் திறக்கேலாது."

இருபது வயதில் பேசாமல் இருப்பது சுலபமான வேலை இல்லை. மாற்றம் என்றால் வகுப்பை நிறுத்தப் போகிறார்கள், வேறென்ன? றமேஸ் அப்படித்தான் விளங்கிக்கொண்டான். ஆட்கள் ஏன் சேரவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவனே அவன்தான்.

வகுப்பின் பெயர் 'கணக்கியல் அறிமுகம்'. அறிமுகமான கையோடு பலர் விடைபெற்றுக்கொள்வார்கள். படிப்பிப்பவர் பேராசிரியர் ராஜசேகரன், தமிழ்நாட்டுக்காரர், றிச்மண்ட் ஹில்லில் வீடு. காலையில் பிள்ளையார் கோயிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதியோடு வருவார். மணி அடித்ததும் வகுப்புக் கதவைச் சாத்துவார். இரண்டு பக்கமும் ஒத்துவராத கணக்கைக் கண்டால், அந்தக் கணக்கு தன் வீட்டில் களவெடுத்தது போல முகம் சுருங்கும். கொடுத்து வைத்த முந்தைய ஆண்டுப் பெடியள் இதே பாடத்தை அன்ரனெற் மிஸ்ஸிடம் படித்தார்கள். அவருடைய வகுப்பில் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதியவன் பாஸ். அவரை மற்ற வளாகத்துக்கு மாற்றிய நாளை றமேஸின் கூட்டாளிகள் இன்னும் துக்கத்தோடு நினைவுகூருகிறார்கள்.

அந்த ஆண்டு ஏப்ரலில், வன்னியில் நடந்த யுத்தத்தை நிறுத்தச் சொல்லி, ஸ்காபரோவின் பாதிச் சனம் நகர நடு வீதியில் நின்றது. றமேஸும் நின்றான், அதில் பொய்யில்லை. பதாகை பிடித்தான், தொண்டை கட்டக் கத்தினான், சோதினையைத் தவறவிட்டான். ராஜசேகரன் ஒரு கேள்வியும் கேட்காமல், வீதியில் நின்ற பிள்ளைகள் எல்லாருக்கும் மே தொடக்கத்தில் இன்னொரு சோதினை வைத்தார். அதிலும் றமேஸ் பெயில். முதலாவது சோதினை தவறியதை வீட்டில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவன், இரண்டாவதைப் பற்றி மூச்சும் விடவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன அதே கிழமையில் பெறுபேறும் வந்தது. வன்னியில் இருந்த சித்தப்பா குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாத நாட்கள். வேறு ஆண்டாக இருந்தால் அப்பா அமிர்தநாதர் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பார். அந்த மேயில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, "சரி, விடு" என்று மட்டும் சொன்னார். அந்தச் 'சரி, விடு' றமேஸை வதைத்தது. யாராவது ஏசியிருந்தால் அழுதிருக்கலாம்.

ஏச ஆளில்லாததால் அவனே இன்னொருவரை ஏசினான். மாணவர்கள் தங்கள் பேராசிரியர்களுக்குப் புள்ளி போடும் இணையத்தளம் ஒன்று இருக்கிறது. அங்கே போய் ராஜசேகரனுக்கு ஆகக் குறைந்த புள்ளியைப் போட்டு, பெயர் போடாமல் எழுதினான்: 'இதயம் இருக்கவேண்டிய இடத்தில் இவருக்குக் கல்குலேற்றர் இருக்கிறது. இவர் வீட்டில் போய் இருந்தால் கனபேர் பிழைப்பார்கள்.' இரண்டாவது சோதினை வைத்த கதையை மட்டும் கவனமாக விட்டுவிட்டான். வாசித்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். றமேஸுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

யூலையில் சித்தப்பா குடும்பம் முகாமில் இருப்பதாகத் தகவல் வந்தது. அப்பாவுக்கு மூச்சும் வந்தது, பேச்சும் வந்தது.

"இந்த முறையும் பெயிலெண்டால் அருள்நாயகத்தாரோடை கதைச்சு வைச்சிருக்கிறன். ஸ்ரௌவ்வில் பக்கத்தில அவற்றை மீன் களஞ்சியத்துக்கு ஆள் வேணுமாம். பிறீசருக்குள்ள நிண்டு பெட்டி அடுக்கிற வேலை."

றமேஸுக்கு மீன் பிடிக்கும், குழம்பில் இருந்தால். அதனால் வகுப்பு நடக்கவேண்டும், அதற்கு ஆட்கள் வேண்டும், ஆட்களுக்கு நல்ல வார்த்தை வேண்டும்.

சனிக்கிழமை காலை குசினி மேசையில் மடிக்கணினியோடு இருந்து வேலையைத் தொடங்கினான். ஒரு பஞ்சாபிப் பெயரில் 'என் வாழ்க்கையையே மாற்றியவர்' என்று எழுதினான். ஒரு போர்த்துக்கேயப் பெயரில் 'கண்டிப்பானவர், ஆனால் உள்ளே வெண்ணெய்' என்றான். எழுத எழுதக் கை ஊறியது. கடைசியாக மேரி வொங் என்ற சீனப் பெயரில் பேராசிரியரைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, முடிவில் ஒரு வரி சேர்த்தான்: 'எங்களுக்கு மட்டன் றோல்ஸ் வாங்கித் தருவார்.'

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த தங்கச்சி ஸ்டெபனி சிரித்தாள். "அண்ணா, ஆர் யூ சீரியஸ்? மேரி வொங்குக்கு எங்கடை மட்டன் றோல்ஸ் எண்டால் என்னெண்டு தெரியுமே?"

"இது மல்ரிகல்ச்சரல் நாடு. நீ போய்ப் படி."

ஸ்டெபனி போனாள். போனவள் படிக்கவில்லை. அம்மா அருள்மலர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அத்தனை நல்ல கருத்துகளையும் ஒன்றுவிடாமல் வாசித்துக் காட்டினாள். எழுதியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைப் பிறகு நல்ல விலைக்குப் பயன்படுத்தலாம் என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்காபரோவில் ஒரு பிள்ளை எந்தப் பாடம் எடுப்பது என்பதை அந்தப் பிள்ளையா தீர்மானிக்கிறது? பிள்ளைகளின் தாய்மார் தொலைபேசியில் தீர்மானிக்கிறார்கள். அருள்மலர் உள்ளியைத் தள்ளி வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். மறுநாள் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலும் அதே கதைதான்.

"சரியான நல்ல வாத்தியாராம். பிள்ளையளுக்குச் சாப்பாடும் வாங்கிக் குடுத்துப் படிப்பிக்கிறாராம். வெள்ளைக்காரப் பிள்ளையளே எழுதியிருக்குதுகள்!"

வீட்டுக்கு வந்ததும் மகனைப் பிடித்தார். "ஏன்டா, இப்பிடியொரு மனிசனிட்டைப் படிச்சும் நீ பெயில் விட்டனியெண்டால், அது ஆற்றை பிழை?"

றமேஸ் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான்.

அடுத்த கிழமை கடைசிப் பதிவு. றமேஸ் கண்ணாடிக்கு முன்னால் சிரித்த முகத்தோடு போய் நின்றான். புனிதவதி அன்ரியின் முகத்தில் சிரிப்பில்லை.

"வகுப்பு நிரம்பி வழியுது தம்பி. என்ன மாயமோ தெரியேல்லை. எங்கடை பெடியள்தான் முக்கால்வாசி. உன்னைக் காத்திருக்கிற பட்டியல்லதான் போடலாம். அதிலயும் நீ வால்."

"அன்ரி, நீங்கள் ஒரு மாற்றம் எண்டு சொன்னியளே?"

"அது... அது போச்சு" என்று அன்ரி பெருமூச்சு விட்டு, "அடுத்த ஆள் வாங்கோ" என்றார்.

றமேஸின் மூக்கில் மீன் மணந்தது. மத்தியானமே நூலகத்தில் ஒரு மூலையைப் பிடித்துக் கட்டிய கோட்டையை இடிக்கத் தொடங்கினான். 'நல்ல கருத்துகளை நம்பாதீர்கள்' என்று ஒன்று. 'வினாத்தாளைப் பார்த்து என் நண்பன் மயங்கி விழுந்தான்' என்று ஒன்று. 'றோல்ஸ் எல்லாம் சுத்தப் பொய்' என்று ஒன்று. இதுதான் அவன் எழுதியதிலேயே ஒரேயொரு உண்மை, அதை ஒருவரும் நம்பவில்லை. 'பெயில் விட்ட எவனோ வயிறெரிந்து எழுதுகிறான்' என்று உடனே கீழே ஒருவன் எழுதினான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

செய்தி அன்று பின்னேரமே ஸ்டெபனி வழியாக அம்மாவின் காதுக்குப் போனது.

"மாதாவே! ஆரோ ஒரு மூதேசி அந்த நல்ல மனிசனைப் பற்றி அவதூறு எழுதுதாம்! இதை விடக்கூடாது." அருள்மலர் தொலைபேசியை எடுத்தார். வகுப்புக்கே இன்னும் போகாத பிள்ளைகள், தாய்மார் பக்கத்தில் நிற்க, ராஜசேகரனின் கற்பித்தலைப் புகழ்ந்து வரிவரியாக எழுதினார்கள். ஒரு பிள்ளை றோல்ஸோடு குளிர்பானமும் சேர்த்துவிட்டது. புள்ளி உச்சிக்குப் போனது. காத்திருக்கிறவர்களின் பட்டியல் இன்னும் நீண்டது.

செப்டெம்பரில் முதல் வகுப்பு. வெளியேறுகிறவனின் இடத்தைப் பிடிக்கலாம் என்ற ஒரே நம்பிக்கையில் றமேஸ் பின்சுவரோடு ஒட்டி நின்றான். மணி அடித்தது. ராஜசேகரன் விபூதியோடு வந்து கதவைச் சாத்தினார். அவர் கையில் பக்கத்துப் பிளாசாவிலுள்ள தமிழ்க் கடையின் பெரிய மட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. பொரித்த வாசனை வகுப்பு முழுக்கப் பரவ, பெடியள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

பெட்டி வரிசை வரிசையாகப் போனது. கடைசியில் பேராசிரியரே அதைத் தூக்கிக்கொண்டு பின்சுவருக்கு வந்தார்.

"தம்பி ரமேஷ்தானே? திரும்ப வந்தீங்களே, ரொம்ப சந்தோஷம். எடுத்துக்குங்க." பிறகு மெல்லக் குனிந்தார். "நான் சைவம், அதனால காய்கறி போட்டதுதான் வாங்கினேன். மேரி வாங்னு ஒரு பொண்ணு நான் மட்டன் ரோல்ஸ் தருவேன்னு எழுதியிருக்கு. அப்படி ஒரு பொண்ணு எங்கிட்ட படிச்ச ஞாபகமே இல்ல. ஆனா இத்தனை வருஷத்துல என்னப் பத்தி இவ்வளவு நல்லதா எழுதினது அந்தப் பொண்ணுதான். அது சொன்னது பொய்யாகிடக் கூடாதில்ல?"

றமேஸ் றோல்ஸைக் கடித்தான். மே மாதம் தான் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெட்கத்தில் காது சுட்டது. இந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். பேராசிரியர் அதற்குள் முன்னால் போய்விட்டார்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா? நல்லது" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். "இப்போது ஒரு சின்னப் பரீட்சை."

சின்னப் பரீட்சை முடிந்தபோது முன்வரிசையில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. குளிர்பானம் எழுதிய பிள்ளை அதுதான். அடுத்த வகுப்பில் பாதிக் கதிரைகள் காலி. அதற்கடுத்த வகுப்பில் பேராசிரியரின் குரல் எதிரொலித்தது. வீட்டில் தொலைபேசி ஓயவில்லை.

"ஓம் அக்கா... இல்லை அக்கா... எனக்கென்னெண்டு தெரியும் அக்கா, வெள்ளைக்காரப் பிள்ளையள்தானே எழுதினதுகள்..." அம்மா எல்லாத் தாய்மாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஸ்டெபனி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். அவள் கேட்ட புது ஹெட்போனை அண்ணன் மறுபேச்சின்றி வாங்கிக் கொடுத்திருந்தான்.

எப்படியோ, இடம் கிடைத்துவிட்டது! றமேஸ் பதிவு அலுவலகத்துக்குப் பறந்தான். மனதில் ஒரு நிம்மதி. கோணல்மாணலாகச் செய்தாலும் காரியம் ஒப்பேறிவிட்டது. வகுப்பும் நிற்கவில்லை, மீனும் இல்லை. இனி விழுந்து விழுந்து படித்தால் போதும். அந்த மனிதரிடம் படிக்காமல் தப்ப முடியாது என்பது மட்டும்தான் குறை.

"நானில்லாட்டி இந்த வகுப்பே நடந்திராது அன்ரி" என்றான், பெருமை தாங்காமல்.

"என்னடா சொல்லுறாய்?"

"ஒண்டுமில்லை. சும்மா."

புனிதவதி அன்ரி பெயரைப் பதிந்து, கடதாசியை அச்சடித்து நீட்டினார். நீட்டியவர் பிடியை விடவில்லை. அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"அன்ரி, அந்த மாற்றம் மாற்றம் எண்டியளே, அது என்னெண்டு இப்பவாவது சொல்லுங்கோவன்."

அன்ரி வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கண்ணாடியின் ஓட்டைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்.

"இனிச் சொன்னால் என்ன... மே மாசம் ஆரோ ஒரு நாசமாப் போவான் 'வீட்டை போய் இருந்தால் கனபேர் பிழைப்பினம்' எண்டு எழுதினதைப் பார்த்து மனம் நொந்து, அந்த மனிசன் வேலையை விடுறன் எண்டு சொல்லிட்டார் தம்பி; உன்ரை வகுப்புக்கு அன்ரனெற் மிஸ்ஸைப் போடுறதெண்டு முடிவாகி, நான் பேரை மாத்த வெளிக்கிடேக்கைதான் ஆரோ ஒரு மேரி வொங் றோல்ஸைப் பற்றி எழுதி, அந்த மனிசன்ரை மனத்தை மாத்திக் கெடுத்துப் போட்டாள்!"