மேல்பாதி மட்டும் வந்த சீர்

மார்க்கையன்கோட்டை,
சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும், தற்சமயம் கோபத்துக்கும் உரிய மச்சான் ராஜபாண்டி அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் சுருளியாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி பவுனும் சுகம். வாழையும் சுகம், போன வாரக் காற்றில் சாய்ந்தது போக மீதி. தேனியில் புது வீட்டில் நீங்களும் என் அக்கா ராஜாத்தியும் உங்கள் மகளும் என் மருமகளுமான ஜோதிகாவும் குறைவில்லாமல் இருக்க கௌமாரியம்மன் துணை இருக்கட்டும். போன் பண்ணினால் என் குரலைத் தெரிந்துகொண்டே "ராங் நம்பர்" என்கிறீர்கள். கடிதத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற வாரம் வீரபாண்டித் திருவிழா. அக்கா கல்யாணமாகிப் போன பிறகும் வருடம் தவறாமல் பிறந்த வீட்டுக்கு வந்து, இங்கிருந்துதான் அக்கினிச்சட்டி எடுக்கிறாள். இந்த வருடம் நீங்கள், "லேப்டாப் முழுசா வந்தாத்தான் ராஜாத்தி வருவா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறீர்கள். சண்டை நமக்குள், மச்சான். அதற்கு அம்மனுக்கு நேர்ந்துகொண்டதை ஏன் பிடித்து வைக்கிறீர்கள்? அக்கா இல்லாமல் எங்களுக்குத் திருவிழா நடக்காது. அவளை அனுப்பிவையுங்கள்.

நடந்ததில் என் தப்பு எவ்வளவு, கம்பெனிக்காரன் தப்பு எவ்வளவு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். தை மாதம் உங்கள் வீடு குடிபுகும்போது சீரில் என்ன வைக்கட்டும் என்று கேட்டேன், அக்கா ஒன்றும் வேண்டாம் என்றாள், ஜோதிகா மட்டும் "மாமா, காலேஜுக்கு ஒரு லேப்டாப்பு" என்றாள், பிள்ளை வாய்விட்டுக் கேட்டுவிட்டதே என்று நான் தேனியில் ஒரு கடைக்குப் போனேன், அங்கே வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு படம், படத்தில் ஒரு பெண் பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தட்டுகிறது, மேலே கண்ணாடித் திரை, கீழே எழுத்துப் பொத்தான்கள், தலைக்கு மேலே "இனி லேப்டாப் எதற்கு?" என்று கொட்டை எழுத்து, இதற்குப் பெயர் டேப், லேப்டாப் செய்கிற வேலையெல்லாம் இது செய்யும், எடையும் குறைவு என்று கடைப் பையன் சொன்னான், சீர்த் தட்டு தூக்குகிற பெண்களுக்குக் கை வலிக்காதே என்று நானும் சந்தோஷமாக வாங்கிவிட்டேன். பெட்டியைப் பிரித்துப் பார்க்கவில்லை. சீருக்கு வாங்கின பொருளை யாராவது பிரித்துப் பார்ப்பார்களா, சொல்லுங்கள்.

அப்புறம் நடந்ததைத் தேனியே கேட்டது. மேளம், வெடி, வரிசையாகத் தட்டுகள், மைக்கில் ஒருவர் "பெண்ணின் உடன்பிறந்தவர் சுருளியாண்டி, மருமகள் ஜோதிகாவுக்கு அன்புடன் வழங்குவது லேப்டாப் ஒன்று" என்று அறிவித்ததும் எனக்குத் துண்டு தோளில் நிற்கவில்லை. நீங்கள் சும்மா வாங்கி வைத்திருக்கலாம். உங்களுக்கு ஆபீஸ் புத்தி, எந்தக் கவரையும் பிரிக்காமல் இருக்க முடியாது. பிரித்தீர்கள். உள்ளே ஒரு கண்ணாடிப் பலகை, ஒரு ஒயர், யாருக்கும் புரியாத ஒரு சின்னப் புத்தகம். பெட்டியைக் கவிழ்த்துக் குலுக்கியும் பார்த்தீர்கள்.

"என்ன மாப்ள, மேல்பாதி மட்டும் வந்துருக்கு? கீழ்பாதி பின்னால பஸ்ல வருதா?"

நீங்கள் கேட்டது மைக்குக்குப் பக்கத்தில் என்பது உங்களுக்குத் தெரியாது என்று இன்றுவரை நம்புகிறேன். பந்தலே சிரித்தது. மைக் பிடித்தவர் அதோடு விடாமல், "திருத்தம்: லேப்டாப்பில் பாதி" என்று மறுபடி அறிவித்தார். மறுநாளே நீங்கள் அந்தப் பலகையைப் பெட்டியோடு திருப்பி அனுப்பி, மேலே "இணைப்பு காணப்படவில்லை" என்று சீட்டு வேறு ஒட்டியிருந்தீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான்.

நானும் பவுனும் கடைக்குப் போனோம். பொத்தான் பலகை எங்கே என்று கேட்டால் அந்தப் பையன், "கீபோர்டு தனி சார்" என்றான். வாசல் படத்தைக் காட்டினேன்.

"அது சும்மா விளக்கத்துக்கு சார். படத்துல காப்பி டம்ளருந்தான் இருக்கு, அதையும் கேப்பீகளா?"

"காப்பி டம்ளரு இல்லாம லேப்டாப்பு ஓடும்லடா" என்றேன். அவன் படத்தின் அடிப்பகுதியைக் காட்டினான். செருப்பு கழற்றிப் போடுகிற இடத்துக்கு நேராக எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. நான்கு ஜோடிச் செருப்பை நகர்த்திவிட்டு, குனிந்து போன் விளக்கை அடித்துப் படித்தேன், "கீபோர்டு தனியாக விற்கப்படும்." அப்போதுதான் பவுனு பேசினாள். அவள் பேசினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

"ஏந்தம்பி, லேப்டாப்புக்குப் பதிலா இதுன்னு போட்டுருக்கியே. பதிலுக்கு வந்தது, அது செஞ்ச வேலையச் செய்யணுமா இல்லையா?"

"செய்யுங்க்கா, கீபோர்டு வாங்குனா."

"வாங்காட்டி?"

"படம் பாக்கலாம்."

"அம்மிய வித்துட்டு, அரைக்கணும்னா குழவிக்கு வேற காசு குடுங்கிறியா?" என்று பவுனு கேட்டதும் மிக்சி வாங்க வந்தவர்கள் எல்லாம் அட்டைப் பெட்டியைத் திறந்து உள்ளே ஜார் இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளியே எழுந்து வந்து எங்களுக்கு மோர் கொடுத்தார். கீபோர்டு கொடுக்கவில்லை.

கடைசியில் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். அந்தக் கம்பெனிக் கீபோர்டு மதுரையிலிருந்து வரவேண்டும் என்றான், வர மூன்று மாதம் ஆனது, அதற்குள் எத்தனை நடை போனேன் என்று பஸ் கண்டக்டரைக் கேளுங்கள், வந்த பிறகு பவுனு, இது தனித் தட்டு ஆகிறதே, தட்டுகள் இரட்டைப்படை ஆகுமே, சீருக்கு ஒற்றைப்படைதானே ஆகும் என்றாள், இதற்கென்றே காத்திருந்தவன் போல அந்தப் பையன் ஒரு பேனாவை நீட்டினான், அதுவும் அதே கம்பெனி, அதுவும் தனி, அதையும் வாங்கினோம். வீட்டுக்கு வந்து சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கலாம் என்று கீபோர்டை முடுக்கிவிட்டு இரண்டு கையாலும் தட்டினேன், பலகையில் ஒரு எழுத்தும் வரவில்லை, கோபத்தில் இன்னும் பலமாகத் தட்டினேன், அது ஒயர் இல்லாத கீபோர்டாம், நடுவில் போன் என்னமோ கேட்டதற்கு நான் சரி என்று தொட்டுவிட்டேனாம், பக்கத்தில் இருந்த என் போனைப் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறது, போனில் திறந்திருந்தது நம் குடும்ப வாட்ஸ்அப் குழு. நான் தட்டியதெல்லாம் வரிவரியாக உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நீங்கள் அதைக் கெட்ட வார்த்தை என்று எடுத்துக்கொண்டு உங்கள் ஆபீசில் நான்கு பேரிடம் அர்த்தம் கேட்டதாகக் கேள்வி. சத்தியமாக அதற்கு அர்த்தம் கிடையாது, மச்சான். நீங்கள் குழுவிலிருந்து விலகியதற்கு மட்டும்தான் அர்த்தம் இருக்கிறது, அது என் மனதைச் சுட்டது.

என் முடிவு இதுதான். லேப்டாப்புக்குப் பதில் என்று சொல்லி விற்கிறவன் கீபோர்டைப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். முடியாவிட்டால் "படம் பார்க்கும் கண்ணாடி" என்று எழுதி விற்கட்டும், நாங்களும் படம் பார்க்கிறவர்களுக்கு மட்டும் வாங்கிக்கொடுப்போம். விற்கும்போது முழுப் பொருள், பெட்டியைத் திறந்தால் பாதிப் பொருள் என்றால் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவன் என்னைப் போன்ற மைத்துனன்தான். அவன் கம்பெனி பெரிய கம்பெனி, அவனை யாரும் மைக்கில் கேட்பதில்லை.

இப்போது இரண்டு பாதியும் தயாராக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை காலை தட்டில் வைத்து நானே கொண்டுவருகிறேன். வாங்கிக்கொண்டு அக்காவை என்னோடு அனுப்புங்கள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், நல்ல பதவி உயர்வும், கொஞ்சம் பொறுமையும் அம்மன் கொடுக்கட்டும். அக்காவுக்கு என் அன்பு. ஜோதிகாவுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்குப் பயந்த மைத்துனன்,
சுருளியாண்டி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போன நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்காவும் ஜோதிகாவும் இறங்கினார்கள். நீங்கள் ஆபீசுக்குக் கிளம்பியதும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்களாம். "ஏலே, அவுக சொன்னா நான் ஆத்தாளுக்குச் சட்டி எடுக்காம இருந்துருவேனா?" என்றாள் அக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது, எழுதுவதில் வெட்கமில்லை. இரண்டு பாதியையும் ஜோதிகாவிடம் கொடுத்தேன். அவள் பலகையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி மேலேயே இரண்டு கட்டைவிரலால் படபடவென்று ஒரு பக்கம் அடித்துக் காட்டினாள். "காலேஜு வேலையெல்லாம் இம்புட்டு நாளும் போன்ல இப்படித்தான் மாமா அடிச்சேன். கீபோர்டு எனக்கு எதுக்கு? கேட்டது அப்பாதான, அவுகளுக்கே அனுப்பிருங்க." ஆகவே அக்காவை அனுப்பச் சொன்னது, கம்பெனியைத் திட்டியது, என் முடிவு என்று எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். கீபோர்டையும் இந்தக் கடிதத்தையும் தேனிக்குப் போகிற நம் ஊர் முத்துராஜா கையில் கொடுத்து, உங்கள் ஆபீசிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுச் சாவி இரண்டும் அக்காவின் இடுப்பில் இருக்கிறது. சாயங்காலம் நேரே இங்கன வந்துவிடுங்கள். பவுனு உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்திருக்கிறாள்.