மாமனாருக்குப் பெரிய கட்டம்

திங்கட்கிழமை வரைக்கும் அடிவயிற்றை நனைக்காமல் வைத்திருக்க வேண்டும். டாக்டர் எனக்கும் என் மாமனாருக்கும் கொடுத்த வேலை அவ்வளவுதான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் அது. இருவருக்கும் ஒரே வியாதி, மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் புற்று. அவருக்கு எழுபது, எனக்கு நாற்பத்தைந்து. பெண்ணைக் கொடுத்தவர் சீரோடு சேர்த்து இதையும் கொடுத்துவிட்டார் என்று மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே பயம்.

ரயிலேறிப் போன பெரிய ஆஸ்பத்திரியில் மிஷினில் படுக்க வைத்துக் கரண்டு வைத்தால் பிழைக்கலாம் என்றார்கள். கரண்டு பாய வேண்டிய இடத்தில் டாக்டர் ஊதா மையால் கட்டம் போட்டார். எனக்குப் பெரிது, மாமனாருக்குச் சின்னது. வயது குறைந்தவனுக்கு நோய் வேகமாகப் பரவுமாம், பெரியவருக்கு மெதுவாகத்தான் போகுமாம். கட்டம் அழிந்தால் கரண்டு கண்ட இடத்தில் பாய்ந்துவிடும் என்றும் எச்சரித்தார்.

மிஷின் திங்கட்கிழமைதான். சாமை அறுப்பு கிடந்ததால் ஊருக்குக் கிளம்பினோம்.

சேந்தமங்கலத்திலிருந்து நடந்து மலையேறினோம். ஊர் எல்லை ஓடையில் மாமனார் வேட்டியை அவிழ்த்தார். கீழே போய் வந்தவர்கள் முழுகாமல் ஊருக்குள் கால் வைப்பதில்லை, அது எங்கள் வழக்கம்.

"மாமா, டாக்டரு தண்ணி ஆவாதுன்னாருங்க."

"டாக்டரா வந்து நம்ம சாமிக்குப் பதில் சொல்லுவாரு? முழுகு மாப்ள."

மாமனாரை எதிர்த்துப் பேசும் அளவுக்கு எனக்கு நெஞ்சு இல்லை. அரப்புத் தேய்த்து நன்றாகவே முழுகினேன். ஓடை ஊதாவாக ஓடியது. இரண்டு வயிறும் பளிச்சென்று ஆகிவிட்டன.

திரும்பிப் போகும்போது சேந்தமங்கலத்தில் ஒரு ராவுத்தர் கடையில் ஊதா மை வாங்கினோம். புதர் மறைவில் மாமனார் எனக்கு முதலில் போட்டார், ஞாபகமாகப் பெரிதாக. என் முறை வந்தபோது கை ஓடவில்லை. எனக்கு அவ்வளவு பெரிது, பெரியவருக்கு இத்தனூண்டா? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! என்னுடையதைவிட இரண்டு விரல் கூட்டியே போட்டேன். அவர் குனிந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

திங்கட்கிழமை டாக்டர் மாமனாரின் வேட்டியை விலக்கினார்.

"யார் போட்டது இது?"

"நானுங்க."

"இவருக்கு ஏன் இவ்வளவு பெருசு?"

"பெரியவருங்க. கொறச்சலாப் போடலாமுங்களா?"

இந்தக் கட்டத்துக்குக் கரண்டு வைத்திருந்தால் குடல் வெந்திருக்கும் என்றார். மாமனாரைக் கொல்லப் பார்த்தேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் நோட்டைப் பார்த்து அளந்து, இருவருக்கும் பழையபடி போட்டார்.

கரண்டு வைத்து முடித்து, உயிரோடு வீடு வந்து சேர்ந்தோம். வாசலுக்கு ஓடி வந்த மகளிடம் மாமனார் சொன்ன முதல் வார்த்தை:

"உம் புருசனுக்குத்தான் பெருசு கண்ணு. எனக்கு மாப்ள பெருசாப் போட்டதையும் அழிச்சுப்போட்டாங்க."