அலமாரிக்குள் ஓர் உறுமல்

கதவைத் திறந்தபோது கீழ்வீட்டு அக்கா இருமல் மருந்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"ரொம்ப முடியலையா தம்பி? சாயங்காலத்துல இருந்து 'அம்மோ, அம்மோ'ன்னு சத்தம் கேக்குது."

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கழுத்தில் கிடந்த ஹெட்போனைச் சட்டைக்குள் தள்ளினார். அது 'அம்மோ' இல்லை, தான் பாடிப் பார்த்த 'கம் ஹோம்' என்று அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயை விட்டு வெளியே வராத குரல் அவருடையது. "இப்ப தெளிவா இருக்கா, இப்ப?" என்று அவர் கேட்பது காதில் விழாமல், கண்ணைக் காட்ட வந்த சிலர் நேரே காது டாக்டரிடம் போனதாகக் கேள்வி. கடைத்தெருவில் அவருக்கு மியூட் என்று பெயர்.

"லேசா இருமல்க்கா."

"வாயைத் திறங்க."

திறந்தார். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் இணைத்துக் கொடுத்து ரிட்டயர் ஆனவர். எடுத்த காரியத்தைப் பாதியில் விடமாட்டார். மூன்று மூடி ஊற்றிவிட்டுப் போனார்.

விஷயம் இதுதான். மியூட்டின் மனைவி பாலம் கட்டும் இன்ஜினியர். ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று வெளியூர் போனவள். ஒன்றரை வருஷம் பாலம் அக்கரையைத் தொடாமல் இழுத்தடித்தது. இப்போதுதான் ஒருவழியாகத் தொட்டது. அதற்குள் கம்பெனி அடுத்த பாலத்துக்கும் இருக்கச் சொன்னது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். என்ன சொல்லட்டும்?" என்று போனில் கேட்டாள்.

அவர் 'வா' என்று சொல்ல நினைத்தார். தமிழில் அது ஒரே எழுத்து. அதற்கு மேல் சுருக்க இலக்கணத்தில் இடமில்லை. அந்த ஓர் எழுத்து தொண்டைவரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"உன் இஷ்டம்" என்றார்.

"சரி. என் இஷ்டம்" என்று வைத்துவிட்டாள்.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் வழக்கம்போல இரண்டு தட்டு வைத்தார். பிறகு ஒன்றை எடுத்துக் கழுவினார். அழுக்கில்லாத தட்டைத்தான்.

அவளுக்கு மெட்டல் பாட்டு என்றால் உயிர். டிரம்ஸ் மாடிப்படியில் உருண்டு விழும், கிட்டார் மரம் அறுக்கும், பாடுகிறவர் பாடமாட்டார், அடிவயிற்றிலிருந்து உறுமுவார். கண்ணாடி போட முதன்முதலில் கடைக்கு வந்தபோதே அவள் ஹெட்போனிலிருந்து அந்த உறுமல் கசிந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பிடித்த பாட்டில் பல்லவி இரண்டே வார்த்தை: கம் ஹோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஸ்பீக்கர் வால்யூமை முழுசாகத் திருப்புவாள், அவர் பின்னாலேயே போய்க் குறைப்பார். இப்போது அவரே முழுசாகத் திருப்புகிறார். குறைக்க ஆளில்லாமல் ஸ்பீக்கர் பாட்டுக்குக் கத்துகிறது.

அந்தப் பாட்டைத் தன் குரலில் பாடி, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட வேண்டும். வாய் சொல்லாததை வயிறு சொல்லட்டும் என்பது திட்டம்.

இருமல் மருந்துக்குப் பிறகு ஜன்னலில் மெத்தையைச் சாத்திவிட்டு, குளியலறையில் நின்று உறுமினார். சத்தம் தெருவுக்குப் போகவில்லை. குழாய் வழியாக எல்லா வீட்டுக்கும் போனது. வீட்டுக்காரர் பிளம்பரோடு வந்தார்.

பிளம்பர் குழாயில் காதை வைத்தார். "உள்ள காத்து அடைச்சிருக்கு சார். பெரிய காத்து."

"சரி பண்ண முடியுமா?"

"தண்ணிய நிறுத்திட்டுத்தான் பாக்கணும்."

கட்டடத்துக்கே தண்ணீர் நின்றது. மாடியில் தலையில் நுரையோடு நின்ற ஒருவர் பிளம்பரின் பரம்பரையையே விசாரித்தார்.

வியாழக்கிழமை வேறு வழி தெரியாமல் அவள் துணி அலமாரிக்குள் புகுந்துகொண்டார். தொங்கிய சட்டைகள் முகத்தில் உரசின. ஓர் ஓரத்தில் அவளுடைய பழைய மஞ்சள் ஹெல்மெட். ஒன்றரை வருஷமாகியும் அலமாரி அவள் வாசனையை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அன்று வந்ததே ஓர் உறுமல். அது மர அலமாரி, மத்தளம் மாதிரி அதிர்ந்தது. அவர் கடை நாற்காலியில் இத்தனை வருஷம் விழுங்கிய சத்தமெல்லாம் வரிசையில் நின்று வெளியே வந்தது. இரண்டு சரணமும் முடிந்து வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தவர், போனைப் பார்த்தார்.

ரெக்கார்ட் பட்டனை அழுத்தவே இல்லை.

மறுபடி பாட வாயைத் திறந்தார். கீச்சென்று ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான். தொண்டை போய்விட்டது. அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, அதில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் பெட்டியோடு மனைவி.

"வயித்துவலியில துடிக்கிறீங்களாமே. கீழ்வீட்டு அக்கா போன் பண்ணாங்க."

'வலியெல்லாம் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தவர், பெட்டியைப் பார்த்தார். வலி இல்லையென்றால் பெட்டி சாயங்கால வண்டியிலேயே திரும்பிப் போய்விடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம்?"

இடது பக்கம் காட்டினார்.

"இப்ப வலதைப் பிடிச்சிருக்கீங்க."

"நகருது" என்றார் கிசுகிசுப்பாக.

நகரும் வலிக்கு உப்பில்லாமல் வேகவைத்த காய் கொடுத்தாள். பிறகு ஏதோ ஒரு கஷாயம். அதைக் குடித்ததும் நிஜமாகவே வயிறு வலித்தது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் தட்டிப் பார்த்து, "ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"எதுக்கும் ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்றாள் மனைவி. "பெருசா இருந்தா நல்லது."

பெரிசாகவே இருந்தது. மியூட் பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் பக்கத்தில் நின்று தோளைப் பிடித்திருந்தாள். இன்னொரு ஊசி போட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பெட்டியைத் திறக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"கம்பெனிக்கு இன்னிக்குப் பதில் சொல்லணும். உங்களுக்கும் தேவலையாயிடுச்சு. நான் கிளம்பட்டுமா?"

'உன் இஷ்டம்' நாக்கு நுனியில் தயாராக நின்றது. அவர் அதைக் கஷாயத்தைவிடக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"இரு" என்றார்.

உடைந்த தொண்டையில் அது உறுமலாகத்தான் வந்தது. இரண்டு எழுத்து. அவர் கணக்கில் அது மேடைப் பேச்சு.

அவள் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாள். பிறகு கம்பெனிக்கு முடியாது என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து, துணிகளை அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள்.

"என்னது இது, என் ஹெல்மெட் ஈரமா இருக்கு?"

"குழாய்ல கோளாறு" என்றார்.

சாயங்காலம் மருந்து பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் கீழே போனார்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். எனக்கு வலியே இல்ல. நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டு அவகிட்ட சொன்னது நல்லதாப் போச்சு. அவ வேலையை விட்டுட்டு ஓடி வந்துட்டா. பாவம், ஏமாத்திட்டோம்."

கீழ்வீட்டு அக்கா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்.

"வலின்னு நான் எங்க தம்பி சொன்னேன்? நேத்து அவளுக்கு லைனைப் போட்டு, போனைச் சீலிங் பக்கமாத் தூக்கிப் பிடிச்சேன், அவ்வளவுதான். கை கடுக்குதேன்னு இறக்கப் போனா, 'இறக்கிடாதீங்கக்கா, இன்னும் ரெண்டாவது சரணம் இருக்கு'ன்னா."