ஜன்னலும் அரை மாமாவும்

விருத்தாசலத்தில் டிஜிட்டல் கேமராக்கள் தோளில் தொங்க ஆரம்பித்த அந்தக் காலத்தில், ஜன்னலைக் கேட்காமல் லென்ஸ் வாங்கியவர் ஒருவர்கூடக் கிடையாது. கலெக்டரே வந்து கேட்டிருந்தாலும், "மூணு நாளு நடந்துட்டு வாங்க சார், அப்பறம் சொல்றேன்" என்றுதான் திருப்பி அனுப்பியிருப்பார். இத்தனைக்கும் அவரிடம் கேமரா கிடையாது. வாழ்நாளில் ஒரு போட்டோகூட எடுத்தவரில்லை. அவர் முகம் விழுந்த ஒரே படம் வாக்காளர் அட்டையில் இருந்தது, அதிலும் கண்ணை மூடியிருந்தார்.

செராமிக் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் அச்சு செய்வது அவர் வேலை. பொம்மையோ ஃபியூஸ் கட்டையோ ஊறுகாய் ஜாடியோ, எதுவானாலும் முதலில் அதற்கு ஒரு பிளாஸ்டர் அச்சு வேண்டும். என் வயதுதான், நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் எப்போதும் வெள்ளைப் பொடி. கழுத்தில் ஒரு கயிறு, கயிற்றின் முனையில் நோட்டுப் புத்தக அளவில் சுட்ட பீங்கானில் ஒரு சட்டம். வெறும் சட்டம்தான், நடுவில் ஒன்றுமில்லை. ஊர் முதலில் அந்தச் சட்டத்தை ஜன்னல் என்றது, அப்புறம் அவரையே ஜன்னல் என்றது. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அதை இங்கே போடுகிற தைரியம்தான் எனக்கு இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஜன்னல் பிறந்த கதை இது. அவருடைய மச்சான் ஜங்ஷன் ரோட்டில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பிலிம் கேமராவை மூட்டை கட்டிவிட்டு டிஜிட்டலுக்கு மாறியவர், பழைய லென்ஸையே புதுக் கேமராவில் மாட்டினார். எதைப் பார்த்தாலும் கிட்டே வந்து நின்றது. மாப்பிள்ளை பெண்ணை எடுத்தால் மாலை மட்டும் விழுந்தது.

"லென்ஸு கெட்டுப்போச்சு மச்சான்" என்று அவர் அழாத குறை.

நம்மவர் கேமராவின் வயிற்றை எட்டிப் பார்த்தார். கூடவே வந்த கையேட்டையும் புரட்டினார். "லென்ஸு நல்லாதான் இருக்குது. உள்ள படம் வுழற தட்டுதான் சுருங்கியிருக்குது. பிலிமு அளவு பெருசு, இது அதுல முக்கால்கூட இல்ல. சூளையில வச்சு எடுத்த மாதிரி."

இது அவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய விஷயம். அச்சு செய்கிறவருக்கு ஆயுள் முழுக்கச் சுருக்கம் ஒன்றுதான் கவலை. ஈர மண்ணில் வார்த்தது காய்ந்து, வெந்து, சூளையை விட்டு வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அதனால் எதையும் ஒரு பங்கு பெரிதாகவே செய்து பழகிய கை அவருடையது.

கேமராவுக்குள் இருந்த தட்டு இருபத்து நாலு மில்லிமீட்டர் அகலம், பதினாறு உயரம். அதைப் பத்து மடங்காக்கி, சுட்ட பிறகு இருபத்து நாலு சென்டிமீட்டர் அகலம் நிற்கிற மாதிரி ஒரு சட்டம் வார்த்தார். அதில் ஒரு கயிறு. கயிற்றில் பதினெட்டு சென்டிமீட்டரில் ஒரு முடிச்சு, இருபத்தெட்டில் ஒன்று, முப்பத்தைந்தில் ஒன்று, ஐம்பதில் ஒன்று. முடிச்சைக் கண்ணுக்குக் கீழே கன்னத்து எலும்பில் வைத்துக்கொண்டு, கயிறு விறைக்கச் சட்டத்தை நீட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தால், அந்த நம்பர் லென்ஸ் எதைக் காட்டுமோ அதையே காட்டும். இது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்து ஒரு என்ஜினியரிடம் கேட்டேன். அவர் அரைமணி நேரம் காகிதத்தில் கிறுக்கிவிட்டு, சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊரில் யார் கேமரா வாங்கினாலும் முதலில் பட்டறைக்குத்தான் போனார்கள். ஆளுக்கு ஒரு ஜன்னல் வார்த்து, சுட்டு, இலவசமாகவே கொடுப்பார். நிபந்தனை ஒன்றுதான். அதோடு மூன்று நாள் ஊருக்குள் நடக்க வேண்டும். எந்த முடிச்சு அதிகம் கன்னத்துக்கு வந்ததோ அதுதான் உங்கள் லென்ஸ்.

ஒரு பல் டாக்டருக்குப் பதினெட்டில் ஆரம்பித்து இருநூறில் முடிகிற ஒரே லென்ஸ் வாங்க ஆசை. ஜன்னல் மறுக்கவில்லை. இருநூறாவது முடிச்சும் போட்டுக் கொடுத்தார். இருநூறு என்றால் கயிறு ஆறரை அடி. எந்தக் கையும் அவ்வளவு தூரம் நீளாது. எனவே கம்பவுண்டர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, டாக்டர் கயிற்றைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு பின்னால் நடக்க, பாலக்கரையிலிருந்து ஜங்ஷன் வரை மூன்று நாள் ஊர்வலம் போனது. டாக்டரைக் கம்பவுண்டர் மாட்டைப் போலக் கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார் என்று கடைக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

நாலாம் நாள் ஜன்னல் கேட்டார். "எரநூறுல எத்தினி தடவ பாத்தீங்க சார்?"

"ஒரு தடவை. கோபுரத்துல ஒரு குரங்கு."

"ஒரு குரங்குக்காக அம்மாம் எடைய தெனமும் கழுத்துல மாட்டிக்கிட்டு நடப்பீங்களா?"

டாக்டர் முப்பத்தைந்து வாங்கினார். இன்றுவரை சந்தோஷமாக இருக்கிறார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் போய்ச் சேர்ந்தேன். நான் அப்போது இன்சூரன்ஸ் ஏஜெண்ட். துபாயிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் தன் டிஜிட்டல் கேமராவை லென்ஸ் இல்லாமல் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அக்கா பெண்ணுக்கு அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். வெளியாள் வேண்டாம், படம் நான்தான் எடுப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. எனக்கு ஒரு நண்பரின் பழைய பிலிம் லென்ஸ் மேல் கண். இருபத்தெட்டில் ஆரம்பிக்கும். கனமாக, கறுப்பாக, கையில் பிடித்தால் பெரிய ஆள் போலத் தெரியும். சாதாரணப் பதினெட்டு லென்ஸோ பிளாஸ்டிக்கில் இருக்கும், எல்லாரிடமும் இருக்கும்.

"வூட்டுக்குள்ள எடுக்கணும்னா பதினெட்டுல ஆரம்பிக்கறதுதான் ஏஜெண்டு சார் உங்களுக்கு" என்றார் ஜன்னல். "ஆனா நான் சொல்லி நீங்க வாங்கக் கூடாது. வியாழக்கெழம சூளை பிரிப்பாங்க. உங்க ஜன்னலையும் வச்சிருக்கேன், வந்து வாங்கிக்குங்க."

எனக்கு வியாழக்கிழமை வரை பொறுக்கவில்லை. செவ்வாயன்றே, அவர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்துப் பட்டறைக்குப் போனேன். பலகைமேல் வெள்ளை வெளேரென்று நாலு சட்டங்கள் காய்ந்துகொண்டிருந்தன. தொட்டுப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து, நானே கயிறு கட்டி, ஸ்கேல் வைத்து முடிச்சும் போட்டுக்கொண்டேன். சுடுவதெல்லாம் சும்மா பளபளப்புக்கு என்பது என் ஞானம்.

மூன்று நாள் நடையெல்லாம் இல்லை. நேராக அக்கா வீட்டு ஹால். பதினொரு பேரைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, எதிர்ச் சுவரில் என் முதுகை ஒட்டிக்கொண்டு, இருபத்தெட்டாம் முடிச்சைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பதினொரு பேரும் அச்சாகப் பொருந்தினார்கள். அன்று சாயங்காலமே அந்தக் கறுப்பு லென்ஸ் என் கைக்கு வந்துவிட்டது.

நிச்சயதார்த்தத்தன்று அதே ஹால், அதே சுவர், அதே பதினொரு பேர் கணக்கு. இடது கோடியில் மாப்பிள்ளையின் தாய்மாமா, சேத்தியாத்தோப்புக்காரர், நல்ல சரீரம். வலது கோடியில் என் மனைவி. கேமராவில் கண்ணை வைத்தால் இரண்டு கோடியிலும் பாதிப் பாதி ஆளைக் காணோம். பின்னால் போகலாம் என்றால் ஏற்கெனவே சுவரில் பல்லியாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கேமராவில் தெரிவதைவிடப் படத்தில் கொஞ்சம் கூடுதலாக விழும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். அந்தத் தைரியத்தில் அமுக்கிவிட்டேன். "இலை போட்டாச்சு" என்று யாரோ கூப்பிட, வரிசை அடுத்த நொடியே காலி.

பிரிண்ட் வந்தது. மாமாவுக்கு ஒரு கண், ஒரு காது, அரை மீசை. என் மனைவிக்கு அதுவும் இல்லை, ஒரு வளையல் கை மட்டும்.

சேத்தியாத்தோப்பிலிருந்து போன் வந்தது. "சீர்வரிச தூக்கிட்டு வரப்ப மட்டும் முழு மாமா வேணும், போட்டோல அரை மாமா போதுமா? வேணும்னேதான வெட்டுனீங்க? நான் கல்யாணத்துக்கு வரல." தாய்மாமா வராத கல்யாணம் எப்படி நடக்கும்? அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன்.

இனி எழுதப்போவதை எழுதும்போதே காது சுடுகிறது. அன்று காலை நான் போட்டோவை எடுத்துக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனேன். பத்துப் பதினைந்து பேருக்கு நடுவில் ஜன்னல் டீ குடித்துக்கொண்டிருந்தார். போட்டோவை அவர் முன்னால் போட்டு, என் தொழில் எனக்குக் கொடுத்த அத்தனை வாயையும் திறந்தேன். ஊரை ஏமாற்றுகிற ஆள் என்றேன். கேமராவே இல்லாதவனுக்கு லென்ஸைப் பற்றி என்ன தெரியும் என்றேன். ஒருமையில் பேசினேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் படத்தை எடுத்தார். விரலால் தலைகளை எண்ணினார். சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து இரண்டு கோடியிலும் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த ஜன்னல வச்சுப் பாத்தீங்க ஏஜெண்டு சார்?"

கடை முழுக்க என்னையே பார்த்தது. வியாழக்கிழமை நான் பட்டறைப் பக்கமே போகவில்லை. எனக்காகச் சுட்ட ஜன்னல் அங்கேயே கிடந்தது. திருட்டுத்தனமாக எடுத்ததை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

"நீங்க குடுத்ததுதான்" என்றேன்.

அவர் ஸ்கேலைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அப்ப தப்பு எம்மேலதாங்க" என்றார். அவ்வளவுதான். மிச்ச டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அன்று மத்தியானமே பஸ் ஏறிச் சேத்தியாத்தோப்புக்குப் போய், மாமா காலைத் தொடாத குறையாக, அளவு தப்பாய்ப் போனது தன்னால்தான் என்று சொல்லியிருக்கிறார். மாமாவும் இறங்கி வந்தார். கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் ஜன்னலிடம் அதற்குப் பிறகு யாரும் லென்ஸ் கேட்டுப் போகவில்லை. நான் வீடு வீடாகப் போகிறவன், போகிற வீட்டிலெல்லாம் பாலிசியோடு அரை மாமா கதையையும் விற்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கழுத்தில் ஒரு நாள் கயிற்றைக் காணோம்.

கல்யாணம் முடிந்த பிறகு என் மனைவி, வளையல் கைக்காரி, வீடு ஒழித்தாள். அழுக்காகக் கிடந்த ஜன்னலைக் கழுவலாம் என்று தண்ணீர் வாளியில் போட்டிருக்கிறாள். "என்னாங்க, இங்க வந்து பாருங்க, உங்க பீங்கானு கரையுது" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். வாளியில் பால் போல வெள்ளைத் தண்ணீர், அடியில் ஒரு கை மண், அதன்மேல் கயிறு.

வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் எடுத்துவந்தது சுடாத பச்சை மண். சூளைக்குப் போய்ச் சுருங்காதது. பத்தில் ஒரு பங்கு பெரிது. அந்த ஒரு பங்கில்தான் மாமாவில் பாதியும் என் மனைவியில் பாதியும் அடங்கியிருந்தார்கள். ஸ்கேலை வைத்துப் பார்த்தபோதே அவருக்கு இது தெரிந்திருக்கும். பலகையில் ஒரு சட்டம் குறைந்ததும் தெரிந்திருக்கும்.

அப்போதும் உடனே போனேனா என்றால் இல்லை. இரண்டு மாதம் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். கடைசியில் ஒரு மத்தியானம், பட்டறையில் அவர் தனியாக இருக்கும்போது போய்ச் சொன்னேன். பிளாஸ்டர் கரைத்த கையைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் கடையில சொல்லல?"

"சொன்னா என்னா ஆவும்? நீங்க வூடு வூடா போய் பேசிப் பொழைக்கறவரு. பொய் சொல்ற ஆளுன்னு ஆயிட்டா எவன் உங்ககிட்ட பாலிசி எடுப்பான்? ரெண்டு புள்ளைங்க படிக்குது. எனக்கு என்னா, பொம்ம அச்சுக்கு ஆளு வராமயா போயிடுவாங்க?"

நாளைக்கே கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம் வுடுங்க சார், ஆறிப்போனத எதுக்குக் கெளறிக்கிட்டு" என்றார். நான் விட்டுவிட்டேன். அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. அவர் வேண்டாம் என்று சொன்னபோது எனக்குள் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியில் நான் பல வருஷம் வண்டி ஓட்டினேன். லென்ஸ் கேட்டு ஆள் வருகிற சந்தோஷம் ஒன்றுதான் அந்த மனிதருக்கு வேலையைத் தாண்டி இருந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது நான் பாலிசி விற்பதில்லை. பிள்ளைகள் படித்து முடித்தாகிவிட்டது. எனவே விருத்தாசலத்துக்காரர்களே, பத்திரிகையிலேயே சொல்கிறேன். அவர் கொடுத்த ஜன்னல் ஒன்றுகூடத் தப்பில்லை. திருடியவன் நான், பொய் சொன்னவன் நான்.

இதைப் படித்துவிட்டு, வேண்டாம் என்று சொன்னதை ஏன் எழுதினாய் என்று அவர் என்னைத் திட்டக்கூடும். திட்டட்டும். அவர் நேரில் வந்து ஒரு மணி நேரம் நிறுத்தாமல் திட்டினாலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டுப் போகச் சொல்வேன்.