சோளகத்துக்குக் கட்டிய வீடு

முப்பத்தைந்து வருடம் பௌதிகம் படிப்பித்தவன் வீட்டுப் படம் கீறக்கூடாது. கீறினாலும் மனுசி சொல்வதைக் கேட்டுக் கீற வேண்டும். நான் இரண்டிலும் பிழை விட்டவன்.

பென்சனுக்கு வந்ததும், நெல்லியடியில் கிடந்த ஒரு பரப்புக் காணியில் நாங்கள் இரண்டு பேரும் கடைசிவரை இருக்க ஒரு சின்ன வீடு கட்டத் தொடங்கினேன். ஃபான் தேவையில்லை, பகலில் லைட் தேவையில்லை, மீற்றர் பார்க்க வருகிறவர் வெட்கப்பட்டுத் திரும்புவார். (ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.) சூடான காற்று வெளியேறக் கூரையின் நடுவில் ஒரு கூண்டு. ஆடி மாதம் முழுக்கக் காணியில் ஊதுபத்தி கொளுத்தி, புகை போகும் பக்கத்தைக் கொப்பியில் குறித்தேன். தென்மேற்கிலிருந்து சோளகம் அடித்தது. அது கூண்டின் முதுகில் படட்டும் என்று வாயை வடகிழக்கே வைத்தேன்.

மனைவி பவானி கேட்டது ஒன்றுதான். வாடகை வீடுகளின் இருட்டுக் குசினிகளிலேயே காலம் கழித்தவள்.

"இஞ்சாருங்கோ, குசினிக்கு ஒரு பெரிய யன்னல் வையுங்கோ. றோட்டைப் பாத்துக்கொண்டு சமைக்க ஆசையா இருக்கு."

"அது மேற்குப் பக்கம். பின்னேர வெயில் வீட்டை அவிச்சுப்போடும். உமக்கு உது விளங்காது."

என்ன வாய் எனக்கு! யன்னல் வைக்காததோடு விடாமல், அந்தச் சுவருக்கு மேலேயே தண்ணீர்த் தாங்கியையும் ஏற்றினேன். மேசன் செல்வராசா தலையைச் சொறிந்தார்.

"மாஸ்டர், மாரியிலை வாடை தொடங்கினால் கூண்டை என்ன செய்வியள்?"

"நீர் சீமெந்தைக் குழையும்," என்றேன்.

தை மாதம் புது வீட்டுக்குக் குடிபூரல். வடகிழக்கிலிருந்து வாடை நன்றாக வீசிக்கொண்டிருந்தது. நடு அறையில் ஐயர் ஓமம் வளர்த்தார். குசினியில் பவானி விறகு மூட்டிப் பால் வைத்தாள். புகை கூண்டுக்குள் ஏறியது, வாடை அதைப் பிடரியில் பிடித்துக் கீழே தள்ளியது. கொஞ்ச நேரத்தில் ஆளை ஆள் தெரியவில்லை. ஐயர் மந்திரத்துக்கு நடுவே இருமினார், பிறகு இருமலுக்கு நடுவே மந்திரம் சொன்னார், கடைசியில் முற்றத்துக்கே ஓடிவிட்டார்.

"காற்றோட்டம் நல்லாய்த்தான் இருக்கு, சேர்," என்றான் என்னிடம் படித்த ஒருவன். (பௌதிகத்தில் அவனுக்கு நான் முட்டை போட்டவன்.)

பவானி மட்டும் வெளியே வரவில்லை. பால் பொங்குமுன் விட்டுவிட்டு வரக்கூடாதாம். பொங்கி வழிந்த பிறகுதான் வந்தாள், கண் இரண்டும் சிவந்து.

"ஏனப்பா அழுறீர்?" என்று கேட்டேன்.

"புகை."

சனமெல்லாம் சாப்பிட்டுப் போய், புகையும் போன பிறகு, பின்னேரமும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அடுத்த நாளே செல்வராசாவைக் கூப்பிட்டு, யன்னல் வெட்டலாமோ என்று கேட்டேன்.

"மேலை தாங்கி நிக்குது மாஸ்டர். இனி உதிலை கை வைக்கேலாது."

கூண்டைத் தகரத்தால் மூடினோம். முன்பக்கம் சுவரோடு சாய்த்துத் தகரப் பத்தி ஒன்று இறக்கினோம். பவானி அதற்குள் றோட்டைப் பார்த்தபடி வேர்க்க வேர்க்கச் சமைக்கிறாள். குசினி ஆளில்லாமல் குளிர்ந்து கிடக்கிறது.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது கண்ணைத் துடைத்தால், "என்ன, அப்பான்ரை புகையோ?" என்று எங்களைப் பார்க்க வரும் மகள் கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், பவானியும் சிரிப்பாள். நான் எழும்பிப் பத்திக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்குவேன்.