பிரபஞ்சத்தின் ஜெராக்ஸ் கடை

மேற்குத் தாம்பரத்தில் அந்தக் கல்யாண மண்டபத்து மாடிப்படி முழுக்கச் செருப்பு. கல்யாணம் ஒன்றுமில்லை. 'கனவுப் பலகை' மாஸ்டர் ஏகநாதன் வந்திருந்தார். வேண்டியதைப் படமாகப் பலகையில் ஒட்டி தினமும் பார்த்தால் போதும், பிரபஞ்சம் வாசலில் இறக்கிவிட்டுப் போகுமாம்.

ஒரே நிபந்தனை. படத்தைக் கண்ட இடத்தில் எடுக்கக் கூடாது. மண்டபத்துக்குக் கீழே உள்ள ஜெராக்ஸ் கடையில்தான் பெயரைச் சொல்லி பிரிண்ட் போட வேண்டும். அங்கேதான் அதிர்வலை சுத்தமாம். ஜெராக்ஸ் மெஷினுக்கும் ஆசாரம் வந்துவிட்டது, பாருங்கள்!

கோவிலம்பாக்கத்து வேதா ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சிரிக்காதீர்கள். புருஷன் அச்சுதனுக்குச் சர்க்கரை எகிறியதிலிருந்து பாவம், அவளுக்குத் தூக்கமில்லை. ஆரோக்கியத்தைக் காட்டும் படம் ஏதாவது ஒன்றை ஒட்டச் சொன்னார் மாஸ்டர். மாத்திரை கண்ணில் பட்டால் பிரபஞ்சம் நோயையும் ஆர்டராக எடுத்துக்கொள்ளும் என்றார். அன்றே மாத்திரையெல்லாம் பரணுக்குப் போயிற்று. அச்சுதன் புதிதாக வாங்கி வந்ததையும் பிடுங்கி மேலே போட்டாள். கண் இருட்டுகிறது என்று அவர் சொன்னபோது, பழசு வெளியேறுகிறது என்று மாஸ்டர் வாட்ஸ்அப்பில் ஆறுதல் அனுப்பினார். அச்சுதன் சண்டை போடவில்லை. பிரிண்ட் போட்டு ஒட்டுகிற வேலையை மட்டும் தானே செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்று பலகைக்கு உயிரூட்டும் நாள். அதுவரை வீட்டார்கூடத் திறந்து பார்க்கக் கூடாத, துணி மூடிய பலகைமேல் மாஸ்டர் கைவைத்து, உள்ளே என்ன படம் என்று கண்ணை மூடியபடி சொல்வார். திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் தனக்கோடி ஒட்டியிருந்த கார் படத்தை நிறத்தோடு சொன்னார். கூட்டம் சொக்கிப்போயிற்று.

அடுத்து வேதா. "ஓடறார்மா. சூரியன் உதிக்குது. வெள்ளை பனியன்" என்றார் மாஸ்டர். வேதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கூடவே வந்திருந்த அச்சுதன் துணியை எடுத்தார். பலகையில் ஓடுகிற ஆளும் இல்லை, சூரியனும் இல்லை. செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய மாத்திரைப் படம்தான் இருந்தது.

"ஓடற ஆளைக் கீழ பிரிண்ட் மட்டும்தான் போட்டேன் சார், ஒட்டல. அந்தப் படத்தைப் பார்த்தது நானும் கடைக்காரரும்தான். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அதிர்வலையில் சின்னக் குழப்பம் என்று மாஸ்டர் இழுத்தார். அதற்குள் மேஜையில் திறந்தபடி கிடந்த அவருடைய போனைத் தனக்கோடி எடுத்துவிட்டார். 'மச்சான் கடை' என்ற பெயரில் இருந்த எண்ணிலிருந்து ஒவ்வொருவர் படமும் பெயரோடு வரிசையாக வந்திருந்தது.

"இன்னா மாஸ்டர், பிரபஞ்சம் உன் மச்சான் நம்பர்ல இருந்துதான் பேசுமா?"

கீழே கடை ஷட்டர் அவசரமாக இறங்கும் சத்தம் கேட்டது. மாஸ்டர் பின்பக்கப் படியைத் தேடினார். அங்கேயும் ஆட்கள் நின்றார்கள்.

வேதா தலைநிமிரவில்லை. "உங்களக் கொல்லப் பார்த்தேனேங்க" என்றாள்.

"நான் நல்லா இருக்கணும்னுதானே பண்ணே. எனக்கு வேணுங்கறதத்தான் ஒட்டியிருக்கேன், பாரு. வா, வீட்டுக்குப் போய் எடுத்துக் குடு" என்றார் அச்சுதன்.

அன்று பரணில் ஏறியது அறிவியல் டீச்சர்தான். பிரபஞ்சம் ஸ்டூலைக்கூடப் பிடிக்கவில்லை, அச்சுதன்தான் பிடித்தார். படம் ஒட்டுங்கள் ஐயா, சுவருக்கு அழகுதான். ஆனால் கடை யாருடையது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கு எந்தப் பிரபஞ்சத்தின் அனுமதியும் வேண்டாம்.