கம்பெனி ஸ்டீரியோவைப் பிரித்தது குறித்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிற நிலைமைக்கு நலமே. அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும்.

காரை எங்களிடம் விட்டுவிட்டுப் போகும்போது நீங்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டீர்கள். ஸ்டீரியோ கம்பெனியில் வைத்தது, அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்றீர்கள். நானும் தலையாட்டினேன். இதுவரை மூன்று பேர் கைவைத்தாகிவிட்டது. அதில் ஒருவன் நான். போனில் நீங்கள் கேட்டபோதெல்லாம் வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொன்னது உண்மைதான், ஓடத்தான் செய்கிறது.

வாரம் மூன்று நாள் அக்காவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது உங்களுக்குத் தெரியும். போக நாற்பது நிமிஷம், வர நாற்பது நிமிஷம். போகும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது. வரும்போது அவளுக்குப் பேசத் தெம்பிருக்காது. எனக்கோ ஆறுதல் சொல்ல வராது. முப்பத்தொரு வருஷம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்தவனுக்கு ‘மேற்படி’யையும் ‘நாளது தேதி’யையும் விட்டால் வேறு பேச்சு ஏது? அதனால் ஏறியதும் பாட்டைப் போட்டுவிடுவேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பாட்டுக்குள் ஒரு சத்தம் புகுந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காதோரக் கொசு மாதிரி ஏறும், காலை எடுத்தால் இறங்கும். பாடுகிறவர் உருகிக்கொண்டிருக்கும்போது நான் இண்டிகேட்டர் போட்டால் அவருக்கு விக்கல் வந்துவிடும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்ந்துவிடுவாள். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே சுகமும் போச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் மெக்கானிக்கிடம் போனேன். ஸ்டீரியோவைத் தூக்கிக் கடாசிட்டுப் புதுசு வைங்க என்றார். நான் உங்கள் நிபந்தனையைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பின்னால் இரண்டு வயரை மாற்றிப் போட்டார்; கொசு வண்டாகிவிட்டது. சரி, நாமே பார்த்துக்குவோம்னு தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில உட்கார்ந்தேன், கழற்றினது ஏழு ஸ்க்ரூ, மாட்டினது ஆறு, அந்த ஏழாவது எங்கேயோ உள்ளே விழுந்து வளைவுக்கு வளைவு உருள ஆரம்பிச்சுது, அது போதாதுன்னு பிரேக்கை மிதிச்சா ஸ்டீரியோ தானா, அதுவும் முழுச் சத்தத்துல பாடுது. மறுநாள் ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவு வாசலில், யாரையோ இழந்து நாலு பேர் அழுதுகொண்டு நிற்கிற இடத்தில் பிரேக் போட வேண்டியதாயிற்று. ஒரு டூயட் கிளம்பியது. காவலாளி ஓடிவந்து, “ஐயா, நிறுத்துங்க” என்றார். “நிறுத்தினாத்தாங்க பாடுது” என்றேன். அவர் நம்பவில்லை. உங்கள் அக்கா இறங்கி, எனக்காகக் காத்திராமல், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகப் படியேறிப் போனாள். அன்று நான் பட்ட அவமானம் அந்தப் பாட்டால் அல்ல, மாப்பிள்ளை.

கடைசியில் உதவியவர் அந்த டயாலிசிஸ் மெஷின்களைப் பராமரிக்கிற டெக்னீஷியன். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சாப்பாட்டு இடைவேளையில் காருக்கு வந்து, இன்ஜினை ஓடவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தார். நான் குழப்பிய வயர்களை நேராக்கினார். ஸ்டீரியோவின் எர்த் வயர் வண்டி பாடியில் முடுக்கியிருக்கிற இடம் துருவேறிக் கிடந்தது. உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேய்த்து இறுக்கினார். கொசு செத்தது. இன்ஜின் ஓட ஓட, வெறும் பாட்டு மட்டும் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்க்காத மாதிரி டார்ச்சை அணைத்துக்கொண்டார்.

ஆகவே வாக்குத் தவறியதை மன்னிக்கவும். இடது ஸ்பீக்கர் மட்டும் கொஞ்சம் கரகரக்கிறது. அந்தக் கம்பெனி ஸ்பீக்கர் அங்கே கிடைத்தால் ஒரு ஜோடி அனுப்பினால் அக்காவுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, பல்லாண்டு இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் இன்று ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். பாதி வழியில் அக்கா கையை நீட்டி ஸ்டீரியோவை அணைத்தாள். “கோவிச்சுக்காதீங்க. இந்தப் பாட்டு உங்களுக்கு அவசியம் வேணுமா?” என்றாள். உனக்காகத்தானே போடுகிறேன் என்றேன். “எனக்கா? பாட்டு இல்லேன்னா உங்களுக்கு வண்டி ஓட்ட வராதுன்னு இல்ல பொறுத்துக்கிட்டு இருந்தேன்” என்றாள். அப்புறம் வீடு வரை பேசினாள். ஊசி குத்தும்போது பயமாக இருக்கிறது என்பதை இன்றுதான் சொன்னாள். எத்தனை மாதமாக என்று கேட்டேன். முதல் நாளிலிருந்து என்றாள். வண்டியை நிறுத்திய பிறகும் இருவரும் இறங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் பேசியதில் பாதி உங்களைப் பற்றித்தான். ஸ்பீக்கர் வேண்டாம் மாப்பிள்ளை. நீங்கள் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.